கிணற்றின் ஹக்கு

  

இஷாத் தொழுதுவிட்டு, கடைக் கணக்கையும் முடித்து, தபாரக் சூராவை ஓதிவிட்டுப் படுக்கிற பழக்கம் நம்மில் அநேகருக்கு உண்டு. முப்பதே ஆயத்துகள். அந்த முப்பதாவது ஆயத்திலே ரப்புல் ஆலமீன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறான். உங்கள் தண்ணீர் பூமியின் அடியில் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டால், ஊற்றெடுத்து ஓடும் நீரைக் கொண்டுவந்து கொடுப்பவர் யார் என்பது அக்கேள்வியின் கருத்து. நாம் அதைத் தூக்கக் கலக்கத்தில் ஓதி முடித்துவிடுகிறோம். பகலிலே ஒருநாள் உட்கார்ந்து யோசித்தால், அது நம் வியாபாரத்தையும் தொட்டு நிற்கிற கேள்வி என்று விளங்கும்.

அல்முஃமினூன் சூராவில் பதினெட்டாவது ஆயத்தையும் பாருங்கள். வானிலிருந்து நீரை ஓர் அளவோடு இறக்கியதாகவும், அதைப் பூமியிலே தங்கவைத்ததாகவும், வேண்டினால் அதைப் போக்கிவிடவும் தனக்கு வல்லமை உண்டென்பதாகவும் அல்லாஹுத்தஆலா அங்கே அறிவிக்கிறான். தங்கவைத்த நீர் என்றால் கிணற்று நீரும் ஊற்று நீருந்தானே! ஊருக்குப் போகிறவன் நம்மிடம் கொடுத்துவைக்கிற பணத்தைப் போல, அது பூமியிடம் கொடுத்துவைத்த அமானத்து. அமானத்துப் பணத்தில் கைவைக்கிறவனை நம் தெருவில் என்ன பெயர் சொல்லி அழைப்போம் என்பது உங்களுக்குத் தெரியும்.

நிற்க. நான் சொல்ல வந்தது ஜவ்வரிசியைப் பற்றி.

சூலியா தெருவில் மளிகை வைத்திருக்கிறவர்களில் ஜவ்வரிசி விற்காதவர் இல்லை. கஞ்சிக்கும் பாயசத்துக்கும், மலாய்க்காரர் வீட்டுப் பூபூர் சாச்சாவுக்கும் அது வேண்டும். இந்தப் பண்டத்துக்கும் நமது பினாங்குக்கும் உள்ள சம்பந்தம் பலருக்குத் தெரியாது. ஆதியில் இது இந்த மலாய்த் தீவுகளின் சரக்கு. ரும்பியா மரத்தின் நடுச்சோற்றை இடித்து எடுத்த மாவிலிருந்து செய்தது. ஜாவா அரிசி என்பதே ஜவ்வரிசி ஆயிற்று என்று சொல்வார்கள். இரண்டாவது உலக யுத்தத்திலே ஜப்பான்காரர் வந்து கப்பல் நின்றுபோகவே, தமிழ்நாட்டுக்குப் போகிற ஜவ்வரிசியும் நின்றுபோயிற்று. அப்பொழுது, 1943ஆம் வருஷ வாக்கில், பினாங்கிலிருந்து போன போபட்லால் ஷா என்பவர் மரவள்ளி மாவுத் தொழிலின் விவரத்தைச் சொல்ல, சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் அங்கே கைத்தொழிலாய் அதை ஆரம்பித்தார் என்று சேலத்து ஜவ்வரிசி வரலாறு சொல்லுகிறது. சரக்குப் போய்ச் சேராத காலத்தில் தொழிலே போய்ச் சேர்ந்துவிட்டது! இன்று சேலம், நாமக்கல், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரங்களில் பல நூறு ஆலைகள் இருக்கின்றன. 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டு, ஆலைச் சரக்கை ஏலத்தில் விற்றுக் கொடுக்கிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் கடை ஜவ்வரிசி இன்று தாய்லாந்திலிருந்தும் வரலாம், வேறெங்கிருந்தும் வரலாம். ஆனால் செய்முறை ஒன்றுதான், அதனால் வருகிற தொல்லையும் ஒன்றுதான்.

செய்முறையைச் சொல்லுகிறேன். மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து கழுவித் தோலை நீக்கி, இயந்திரத்தில் போட்டு அரைத்துத் தண்ணீர் விட்டுச் சல்லடையில் வடித்தால் பால் இறங்கும். சக்கை மேலே தங்கும். அதற்குத் திப்பி என்று பெயர், மாட்டுக்குப் போகும். பாலைத் தொட்டிகளில் தெளியவிட்டால் மாவு அடியில் படியும், மேல் தண்ணீரை இறுத்துவிடுவார்கள். ஈர மாவைத் தொட்டிலில் இட்டுக் குலுக்கி உருட்டி, சூடான தட்டுகளில் வறுத்து, சிமிட்டிக் களத்தில் வெயில் காயவைத்தால் நாம் விற்கிற முத்து முத்தான ஜவ்வரிசி. கழுவுவதற்குத் தண்ணீர், அரைப்பதற்குத் தண்ணீர், தெளிவதற்குத் தண்ணீர். ஒரு டன் சரக்குக்குப் பத்தாயிரக் கணக்கான லிட்டர் செலவாகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

பல வருஷ காலம் அது போன இடம் ஓடையும் ஏரியும் பக்கத்து வயலுந்தான். பார்வைக்கு அது பால் கலந்த தண்ணீர்போல் இருக்கும். ஒருநாள் தேங்கினால் புளித்துவிடும், மூன்றாம் நாள் நாற்றம் ஊரைத் தூக்கும். மாவை நுண்ணுயிர்கள் தின்னும், தின்னும்போது நீரிலுள்ள பிராணவாயுவை எல்லாம் எடுத்துக்கொள்ளும், மீன் மூச்சடைத்துச் சாகும். மரவள்ளிக் கிழங்கிலே, விசேஷமாய்த் தோலிலே, அரைபட்டவுடன் சயனைடு என்னும் விஷம் வெளிப்படுகிற ஒரு பொருளும் உண்டு. அந்த விஷம் தண்ணீரில் கரைந்து போய்விடுவதாலும், வறுக்கும்போதும் காயும்போதும் ஆவியாகிவிடுவதாலும் ஜவ்வரிசியை நாம் பயமின்றிச் சாப்பிடுகிறோம். நம்மை விட்டு நீங்கிய விஷம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

சேலத்துப் பூமி பாறைப் பூமி. மணற்பாங்கான இடத்தைப் போல் அங்கே நிலத்தடி நீர் பரவிக் கிடப்பதில்லை, பாறையின் வெடிப்புகளுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. வயலில் தேங்கிய ஆலைத் தண்ணீர் ஒரு வெடிப்பைக் கண்டால் போதும், வடிகட்ட மண்ணில்லாமலே அடுத்தவன் கிணற்றுக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கிய மாவுத் தண்ணீர் அங்கேயும் பிராணவாயுவை உறிஞ்சி, பாறையிலிருக்கும் இரும்பைக் கரைத்துவிட, கிணற்றுத் தண்ணீர் சிவக்கும், அழுகல் முட்டை வாசம் வீசும், மாடு மோந்துபார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஆற்றிலே விட்ட அழுக்கு அடுத்த வெள்ளத்தில் அடித்துப் போகும். கிணற்றடியில் இறங்கியதை அடித்துப் போக வெள்ளம் எதுவும் வராது. பிள்ளையாய் இருந்தபோது கெட்ட கிணறு, அவன் பேரன் காலத்திலும் கெட்டே கிடக்கக்கூடும்.

இதை நான் ஒருநாள் கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடைத் தம்பி ஒருவர் மடக்கினார். “நானா, மஸ்அலா தெரிந்தவர் நீங்கள். கிழங்கு ஹலால், மாவு ஹலால். மாவு கலந்த தண்ணீர் என்ன நஜீஸா? அதை வயலில் விட்டால் என்ன பாவம்?” என்றார்.

நல்ல கேள்வி. அரைகுறையாக ஓதியவர்கள் தப்புகிற இடமும் இதுதான். மாவுத் தண்ணீர் நஜீஸல்ல என்பது உண்மை. ஒரு சுத்தமான பொருள் கலந்து, தண்ணீர் என்ற பெயரே மாறிப்போகிற அளவுக்கு நீர் மாறிவிட்டால் அது தாஹிர், ஆனால் முதஹ்ஹிர் அல்ல, அதாவது தான் சுத்தமானது, பிறிதொன்றைச் சுத்தமாக்காது என்பதாக நம் மதரஸாவின் முதல் வருஷக் கித்தாபிலேயே ஓதியிருக்கிறோம். தேநீரால் ஒளு செய்ய முடியாது, ரோஜா ஷர்பத்தால் குளிக்க முடியாது. சரி தம்பி, ஓர் ஏழையின் கிணற்றை நீர் அந்த நிலைக்குக் கொண்டுபோய் விட்டீரென்றால், அவன் ஐந்து வேளைக்கும் ஒளுவுக்கு எங்கே போவான்? அவனுடைய சோற்றுப் பானையையும் மாட்டுத் தொட்டியையும் மட்டுமல்ல, ஒளுவையும் அல்லவா எடுத்துக்கொண்டீர்? நஜீஸா இல்லையா என்று பார்ப்பது தொழுகிறவனுடைய துணிக்கு. பக்கத்து வீட்டுக்காரனுடைய கிணற்றுக்குப் பார்க்கவேண்டிய மஸ்அலா வேறு, அது ளரர், அதாவது கேடு. தானாகக் கேடு செய்வதையும், கேட்டுக்குப் பதில் கேடு செய்வதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸை இப்னு மாஜாவும் இமாம் மாலிக்கின் முவத்தாவும் அறிவிக்கின்றன. அதன்மேல் புகஹாக்கள் எத்தனையோ சட்டங்களைக் கட்டியிருக்கிறார்கள்.

நீர்த்துறையிலும், பாதையிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்கிறவன் பிறருடைய சாபத்தைத் தேடிக்கொள்கிறான் என்று எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்த ஹதீஸ் முஸ்லிமில் உண்டு. ஒரு மனிதன் சிறிதளவு செய்கிற அசுத்தத்துக்கே அவ்வளவு எச்சரிக்கை! கிணறு வெட்டியவனுக்கு அதைச் சுற்றி நாற்பது முழம் ஹரீம், அதாவது பிறர் நெருங்கக்கூடாத எல்லை உண்டென்ற ஹதீஸையும் இப்னு மாஜா அறிவிக்கிறார். கிணற்றுக்கு ஹக்கு உண்டு என்று நான் தலைப்பிட்டது இந்த ஆதாரத்தின் மேல்தான். அந்தக் காலத்தில் நாற்பது முழம் போதுமாயிருந்தது. பாறை வெடிப்பின் வழியாக ஓடுகிற ஆலைத் தண்ணீருக்கு நாற்பது முழம் ஒரு தூரமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். இரண்டு குல்லத்து, அதாவது ஏறக்குறைய இருநூறு லிட்டருக்கு மேற்பட்ட நீரில் நஜீஸ் விழுந்தால், நிறம், ருசி, வாசம் மூன்றில் ஒன்று மாறாதவரை அது சுத்தம் என்பது ஷாபிஈ மத்ஹபு. தொழுகைக்கு அந்த மூன்று அடையாளமும் போதும். உடம்புக்குப் போதாது. உரம் அதிகமான நீரில் சேருகிற நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை, வாசமும் இல்லை. அந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாய்ந்து ஆபத்தாகும். ஆகையால் ஆலைக்குப் பக்கத்தில் கிணறு உள்ளவர், தண்ணீர் தெளிவாயிருக்கிறதே என்று இருந்துவிடாமல், பரிசோதனைச் சாலைக்கு ஒரு புட்டி அனுப்பவேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், ஆலைத் தண்ணீரே வயல்பக்கம் வரக்கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதுவும் தவறு. நம் உம்மாமார் அரிசி களைந்த நீரைக் கழுநீர்ப் பானையில் சேர்த்து மாட்டுக்கு வைத்தார்கள். மீந்ததை வாழைக்கு ஊற்றினார்கள். ஊர்ப் பள்ளிவாசல்களில் ஹவுளைச் சுற்றி ஒளுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலின் ஓரத்திலே தென்னை நிற்கும். அதைப்போல் காய்க்கிற தென்னை ஊரில் வேறு இருக்காது. உணவுப் பண்டத்தைக் கழுவிய தண்ணீரில் இருப்பது மண்ணிலிருந்து வந்ததுதான். அளவாய்த் திரும்பப் போனால் மண் அதை ஜீரணித்துக்கொள்ளும். ஓடுகிற ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவுக்குத் தண்ணீரை வீண் செய்யாதே என்று சஅது (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். அந்த உம்மத்துக்கு, ஒருமுறை உபயோகித்த நீரை மறுமுறை உபயோகிப்பதைப் பற்றித் தயக்கம் ஏன்? நஜீஸ் கலந்த சாக்கடை நீரேயானாலும், நிறம் ருசி வாசம் எதுவும் மிச்சமில்லாதபடி முழுவதும் சுத்திகரித்தால் அது சுத்தமாகிவிடும் என்று 1978இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை தீர்ப்பளித்திருக்கிறது.

ஆனால் திரும்பப் போகிற விதம் முக்கியம். பச்சையாய் விட்ட மாவுத் தண்ணீர் மண்ணின் கண்களை எல்லாம் பசைபோல் அடைத்து, வேருக்கு மூச்சில்லாமல் செய்துவிடும். அதன் புளிப்பு பயிரைக் கருக்கும். முதலில் மாவும் திப்பித்தூளும் அடியில் தங்கும்படி தொட்டியில் நிறுத்தவேண்டும். பிறகு காற்றுப் புகாத மூடிய கலத்தில் விட்டால், பிராணவாயு இல்லாமல் வாழ்கிற நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயுவாக மாற்றித் தரும். தொண்ணூறுகளுக்குப் பின் சேலத்தில் சில ஆலைகள் இதை அமைத்து, அந்த வாயுவிலேயே ஜவ்வரிசி வறுக்கவும் மின்சாரம் எடுக்கவும் செய்கின்றன. தாய்லாந்து மாவாலைகளிலும் இது வெகுவாய்ப் பரவியிருக்கிறது. விறகுக் காசு மிச்சம், நாற்றமும் மிச்சம்! வாயு கழிந்த நீரைத் திறந்த குளத்தில் காற்றுப் பட வைத்து, அளவு பார்த்த பிறகே வயலுக்கு விடவேண்டும்.

அளவு என்றேனே, அதற்கு பி.ஓ.டி. என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் நீரிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எத்தனை மில்லிகிராம் பிராணவாயு வேண்டும் என்ற கணக்கு அது. பட்டணத்துச் சாக்கடை நீருக்கு அது இருநூறு முந்நூறு வரும். ஜவ்வரிசி ஆலை நீருக்கு ஆயிரக் கணக்கில் வரும். இந்திய சர்க்காரின் 1986ஆம் வருஷ விதிப்படி, பொதுவாக ஆற்றில் விடுவதற்கு 30க்கு மேல் இருக்கக்கூடாது, பாசனத்துக்கு விடுவதற்கு 100க்கு மேல் இருக்கக்கூடாது. சயனைடு இரண்டுக்குமே 0.2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஆற்றைவிட மண்ணுக்கு ஜீரண சக்தி அதிகம் என்பதால் பாசனத்துக்கு அந்த எண் பெரிதாயிருக்கிறது. விஷத்திலே அந்தச் சலுகை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மண்ணால் ஜீரணிக்க முடியாதது ஒன்றுண்டு, அதுதான் உப்பு. கருவாடு ஊறவைத்த நீர், ஊறுகாய்த் தொட்டி நீர், நம் பினாங்கில் ஜாதிக்காயும் மாங்காயும் ஜெரோக் போடுகிற உப்பு நீர், இவற்றை எத்தனை நாள் குளத்தில் வைத்தாலும் உப்பு உப்பாகவே இருக்கும். வயலில் விட்டால் பயிரும் போகும், கிணறும் போகும். இதற்குப் பெரிய சாட்சி வேண்டுமானால் பாலாற்றங்கரையைப் பாருங்கள். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் நம் சமுதாயத்தார் பலர் தலைமுறைகளாய் நடத்துகிற தோல் தொழில், உணவுத் தொழில் அல்லதான். ஆனாலும் உப்பும் குரோமியமும் கலந்த அந்த நீர் வயலிலும் ஆற்றிலும் இறங்கி, கிணறுகளைக் கெடுத்து, வழக்கு டில்லி வரை போயிற்று. 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் பதினாயிரம் ரூபாய் அபராதம், பொதுச் சுத்திகரிப்பு நிலையமாவது சொந்த நிலையமாவது இல்லாத ஆலைக்குப் பூட்டு. கெடுத்தவனே நஷ்டமும் கொடுத்து, கெட்டதைச் சீராக்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது. கோர்ட்டார் சொல்லுமுன்னே நம் ஜமாஅத்துகளின் மிம்பர்களிலிருந்து வந்திருக்கவேண்டிய தீர்ப்பல்லவா அது!

இனி, நாம் இருக்கும் நாட்டுக்கு வருவோம். ஜவ்வரிசிக்குச் சேலம் எப்படியோ, எண்ணெய்க்கு மலேசியா அப்படி. செம்பனைக் குலையை ஆவியில் வேகவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுக்கும்போது, ஒரு டன் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை டன் கழிவுநீர் வரும். பழுப்பாய், கொதிக்கக் கொதிக்க, பி.ஓ.டி. கணக்கில் இருபத்தையாயிரம். பட்டணத்துச் சாக்கடையைவிட நூறு மடங்கு! ஒரு காலத்தில் அது அப்படியே ஆற்றுக்குப் போயிற்று. தோட்டத்துக் கூலிகளாய் வந்த நம் தமிழ் மக்கள் அந்த ஆற்றோரங்களில்தான் லயன் வீடுகளில் குடியிருந்தார்கள்.

1974ஆம் வருஷம் இந்தியாவில் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் வந்தன. அதன்கீழ் 1977இல் மலேசியாவில் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே தனி விதி செய்தார்கள். அதிலே ஒரு யுக்தி இருந்தது. ஒரே நாளில் நிறுத்து என்று சொல்லாமல், முதல் வருஷம் பி.ஓ.டி. 5,000, பிறகு வருஷா வருஷம் குறைத்து, 1984இல் 100 என்று படிப்படியாய் இறக்கினார்கள். ஆலைக்கு வருஷா வருஷம் லைசென்ஸ், அதன் கட்டணம் எவ்வளவு அழுக்கு விடுகிறாயோ அவ்வளவு. அழுக்கைக் குறைத்தவனுக்குக் கட்டணமும் குறைந்தது. (பரிசோதனையும் இந்நாட்டு வெயிலுக்குத் தக்கபடி முப்பது டிகிரிச் சூட்டில் மூன்று நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்று விதித்தார்கள், பல நாடுகளில் இருபது டிகிரியில் ஐந்து நாள்.) எண்ணெய் உற்பத்தி வளர்ந்துகொண்டிருக்கும்போதே ஆற்றில் சேர்ந்த அழுக்கு குறைந்தது. ஆற்றில் விடாமல் தோட்டத்துக்கே பாய்ச்சுகிறவர்களுக்கு 5,000 வரை அனுமதி வைத்தார்கள். செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஆழமில்லாத பாத்திகள் வெட்டி, ஒரு பாத்தி நிரம்பியதும் அடுத்ததில் விட்டு, முதல் பாத்தி காயும்வரை காத்திருந்து பாய்ச்சுகிறார்கள். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் அதில் நிறைய உண்டு, விலைக்கு வாங்குகிற உரம் குறைகிறது.

இந்தக் காத்திருத்தலில்தான் ஆலைக்காரன் யோக்கியதை தெரியும். குளம் நிரம்பிவிட்டது, மழை கொட்டுகிறது, ராத்திரி யாரும் பார்க்கவில்லை என்று மதகைத் திறந்துவிடுகிறவர்கள் இன்றும் இல்லாமற் போகவில்லை. பாத்தி காயுமுன் மேலும் மேலும் விட்டால் மிஞ்சின சத்து அடியில் இறங்கி நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகும். மழைநாளில் பாய்ச்சக்கூடாது, கிணற்றுப் பக்கம் பாய்ச்சக்கூடாது, குளத்தின் அடியில் களிமண்ணோ தடித்த ரப்பர் விரிப்போ போடவேண்டும், ஆலைக்குக் கீழ்ப்புறம் ஒரு சோதனைக் கிணறு வெட்டி அடிக்கடி பார்க்கவேண்டும். இவ்வளவுதான் வித்தை. செலவு ஆகும், ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் செலவிலேதான் நாம் வருகிறோம், சகோதரர்களே. நாம் ஆலை வைத்தவரல்ல, கிணற்றைக் கெடுத்தவரல்ல என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு ஆலை. ஒருவன் குளமும் வாயுக்கலமும் வைத்துச் செலவு செய்து, மூட்டைக்குக் கொஞ்சம் கூடக் கேட்கிறான். மற்றவன் ராத்திரி மதகைத் திறந்துவிட்டுக் குறைத்துக் கொடுக்கிறான். நாம் யாரிடம் வாங்குகிறோம்? அந்தக் குறைந்த விலையின் மீதியை ஓர் அடையாளம் தெரியாத விவசாயி தன் கிணற்றால் கட்டியிருக்கிறான். தராசில் குறைக்கிறவர்களைப் பற்றி ஒரு முழு சூராவே இறங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். அது நம் கல்லாவில் இருக்கிற தராசுக்கு மட்டுமா? நான் கண்டவரை, மொத்தச் சரக்கு வாங்குகிறவன் “உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது? லைசென்ஸ் நகல் அனுப்புங்கள்” என்று ஒரு வரி எழுதினால், ஏஜெண்டு முதலில் சிரிப்பான், இரண்டாம் தடவை பதில் எழுதுவான். பத்துப் பேர் எழுதினால் ஆலைக்காரன் காதிலேயே விழும். மளிகைக்காரன் ஒருவன் கேட்டு என்ன ஆகப்போகிறது என்கிறவர்களுக்கு, சரக்கை நிராகரிக்கும் உரிமை நமக்கு உண்டென்பதை ஞாபகப்படுத்துகிறேன். கலப்பட மிளகைத் திருப்பி அனுப்பத் தெரிந்த கைதானே இது!

நம் தெருவையும் விட்டுவிட முடியாது. நாசி கண்டார்க் கடைகளிலும் ரொட்டிக் கடைகளிலும் ஒரு நாளைக்கு எத்தனை சட்டி எண்ணெய்! கழுவுகிற நீரோடு அது காணுக்குள் போனால், ஆறி உறைந்து குழாயை அடைக்கும், மிஞ்சினது கடலுக்குப் போகும். கிரீஸ் டிராப் என்கிற எண்ணெய்ப் பெட்டியை வைத்தால் மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு தடவையாவது வழித்தெடுக்க ஓர் ஆளை நியமிக்கவேண்டும். கறுத்த எண்ணெயைத் தனியாய் டின்னில் பிடித்து வைத்தால் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், சோப்புக்கும் டீசலுக்கும் போகிறது. கோழி அறுக்கிற இடத்து நீர் வேறு விஷயம். ஓடுகிற இரத்தம் நஜீஸ், அதை மற்றக் கழுநீரோடு சேர்க்காமல் தனி வழியில் விடுங்கள். நாம் பினாங்கில் குடிக்கிற நீரில் பெரும்பங்கு கெடா எல்லையில் ஓடுகிற மூடா நதியிலிருந்து வருகிறது. மேலேயுள்ளவன் நமக்காக ஒழுங்காய் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், நமக்குக் கீழே இருக்கிற வலைகாரனை மறந்துவிடலாமா?

கடைசியாக, ஊரில் நிலம் வைத்திருக்கிற சகோதரர்கள் இரண்டு மஸ்அலா கேட்டிருந்தார்கள். நஜீஸ் கலந்த நீர் பாய்ந்த காய்கறி ஹலாலா என்பது ஒன்று. ஷாபிஈ மத்ஹபில் அப்பயிர் சுத்தமானதே. மேலே பட்ட அசுத்தத்தைக் கழுவிவிட்டுச் சாப்பிடலாம். ஆனாலும் கீரையும் வெள்ளரியும்போல் பச்சையாய்த் தின்கிறவற்றுக்கு அந்த நீரைப் பாய்ச்சாதிருப்பதே உடம்புக்கு நல்லது. மற்றது உஷ்ரைப் பற்றி. உஷ்ரு கடமையான விளைச்சலுக்கு மழையாலோ செலவில்லாமல் தானே ஓடிவரும் வாய்க்காலாலோ பாய்ந்திருந்தால் பத்தில் ஒன்று. எஞ்சின் வைத்து இறைத்தாலும், விலைக்கு வாங்கிப் பாய்ச்சினாலும் இருபதில் ஒன்று. ஆகவே ஆலையின் சுத்திகரித்த நீர் இலவசமாய்த் தானே ஓடிவந்தால் முந்திய கணக்கு, பணம் கொடுத்தோ பம்பு வைத்தோ எடுத்தால் பிந்திய கணக்கு. பாதிக்காலம் மழையும் பாதிக்காலம் இறைப்புமாய் இருந்தால் நூற்றுக்கு ஏழரை. ஹனபி மத்ஹபினர் கிழங்குக்கும் காய்க்கும் உஷ்ரு உண்டா என்பதை அவரவர் ஊர் ஆலிம்சாவிடம் கேட்டுக்கொள்ளவும். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களிடத்தில் உண்டு.

வஸ்ஸலாம்.